நண்பர்களோடு ஹோட்டலுக்கு: ஆண்டுக் கடைசிக் குறிப்புகள்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் வெளியூர் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சென்னையில் வந்து இறங்குவார்கள். கச்சேரி சீசன், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் சேர்ந்து வரும் நாட்கள். ‘எல்லாரும் ஒரு நாள் வெளியே சாப்பிடலாமே’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இப்படிப் போகும்போது வயிறு கெடுவதைவிட மனசு கெடுவதுதான் அதிகம். ஒன்று, காத்திருந்து காத்திருந்து கெடும். இன்னொன்று, பில் வந்ததும் கெடும். இரண்டையும் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும்.

1. டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நான்கு நாட்களையும் விட்டுவிடுங்கள். பல பெரிய ஹோட்டல்களில் அந்த நாட்களில் மெனு கார்டே வராது. தலைக்கு இவ்வளவு என்று பஃபேதான். நடுவில் வரும் வார நாட்களின் மதியம் நல்லது. சர்வருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.

2. ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது, கூட்டத்தில் யாருக்குக் கை இறுக்கமோ அவருக்குத் தாங்கும் இடமாகப் பாருங்கள். அவரிடம் போய், ‘உனக்கு ஓகேவா?’ என்று கேட்காதீர்கள். ஓகே என்றுதான் சொல்வார். சாப்பிட்டதற்கு ஒரு வாரம் கழித்துதான் அவருக்கு உறைக்கும். வசதியுள்ளவர் ஆசைப்பட்டால் தனியாக ட்ரீட் கொடுக்கட்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

3. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்ட நண்பர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். மண்டல விரதம் டிசம்பர் கடைசி வாரம் வரை. மகரவிளக்குக்குப் போகிறவருக்குப் பொங்கல் வரை. இவர்களில் பலர் அசைவம் சமைக்கும் ஹோட்டலில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ‘சாமி, நீங்க தயிர் சாதம் சாப்பிடுங்க’ என்று பிரியாணிக் கடையில் அவரை உட்கார வைப்பது நட்புக்கு அழகில்லை. சாமி இருந்தால் சைவ ஹோட்டல். அவர் மலைக்குப் போய் வந்த பிறகு பிரியாணி. ஏகாதசி விரதம் இருப்பவர் உண்டா என்றும் நாள் குறிக்கும் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள்.

4. பந்திக்கு முந்து என்றவர்கள் சும்மா சொல்லவில்லை. விடுமுறையில் மதியம் ஒரு மணிக்குப் போனால் வாசலில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய்விடுங்கள். இரவு என்றால் ஏழு. டேபிளை ரிசர்வ் செய்யும்போது எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். கால் மணி தாமதமானால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு.

5. என்னைக் கேட்டால், நண்பர்கள் சந்திப்புக்கு மதியச் சாப்பாட்டைவிடக் காலை டிபன்தான் மேல். மார்கழிக் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ இட்லி, பொங்கல், வடை, காபி. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லியை மூழ்கடித்து ஊற்றும் சாம்பாருக்காகவே ஊர் தாண்டி வருபவர்கள் இருக்கிறார்கள். செலவும் குறைவு. பத்து மணிக்கெல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடலாம்.

6. வெளியூரிலிருந்து வந்தவரை ஒரு தடவையாவது சபா கேன்டீனுக்கு அழைத்துப் போங்கள். கச்சேரி டிக்கெட் இருந்தால்தான் சாப்பாடு என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான சபாக்களில் அப்படி இல்லை, யாரும் போய்ச் சாப்பிடலாம். மதியம் வாழை இலைச் சாப்பாடு, மூன்று மணிக்கு மேல் டிபன் என்பது பொதுவான நடைமுறை. சனி, ஞாயிறு போனால் இலைக்காகக் கியூவில் நிற்க வேண்டும். செவ்வாய், புதனில் போனால் அக்காரவடிசில் இரண்டாவது தடவையும் வரும். ஒருவர் டோக்கனுக்கு நிற்கட்டும், மற்றவர்கள் இடம் பார்க்கட்டும். ஆனால் இலை முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாதீர்கள். நீங்கள் ரசத்துக்கு வரும்போதே அடுத்த பந்திக்காரர் உங்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக் கொண்டு நிற்பார்; மோருக்கு வந்ததும் பெருமூச்சு விடுவார். பேச்சை வெளியே காபி டம்ளரோடு வைத்துக் கொள்ளுங்கள். அப்படியே மதியக் கச்சேரிக்குள் நுழைந்துவிடலாம். பல சபாக்களில் அந்த நேரக் கச்சேரிக்குக் கட்டணமே கிடையாது. இளம் பாடகர்கள் பாடுவார்கள், ஹாலில் ஏ.சி. இருக்கும். கொஞ்சம் கண் அசந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

7. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக் கொள்பவர் வீட்டிலேயே போட்டுக் கொண்டு கிளம்பக் கூடாது. டேபிள் கிடைக்க அரை மணி, சாப்பாடு வர அரை மணி என்று ஆகிவிட்டால் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். மருந்தைக் கையில் எடுத்துப் போய், தட்டு கண்ணில் பட்ட பிறகு போட்டுக் கொள்ளலாம். எத்தனை நிமிட இடைவெளி என்பதை அவரவர் டாக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும். பையில் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும்.

8. ஆறு பேர் போனால் ஆறு பேரும் ஆளுக்கொன்று சொல்லிவிடுவதுதான் மிச்சம் விழக் காரணம். முதல் ரவுண்டில் பாதி மட்டும் சொல்லுங்கள். ‘அண்ணே, இப்போதைக்கு இது போதும், அப்புறம் சொல்றோம்’ என்றால் எந்த சர்வரும் கோபித்துக் கொள்ளப் போவதில்லை. அளவில்லாச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடப் பெரும்பாலான கடைகளில் விடமாட்டார்கள். குறைவாகச் சாப்பிடுபவருக்கு ‘மினி மீல்ஸ்’ சொல்லுங்கள்.

9. பில் வந்ததும் கூட்டுத் தொகையை மட்டும் பார்க்காமல் மேலிருந்து கீழே ஒரு தடவை படியுங்கள். சாதாரண ஹோட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகமானால் 18 சதவீதம். ‘காம்போசிஷன்’ திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் உங்களிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து விதி.

பலர் கவனிக்காமல் விடுவது ‘சர்வீஸ் சார்ஜ்’. அது வரி இல்லை, அரசாங்கத்துக்கும் போவதில்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது; அது செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்வரிடம் சண்டை போடாமல் மேனேஜரைக் கூப்பிட்டு, ‘இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்’ என்று கேட்டாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

10. கேஷ் கவுண்டரில், ‘நான் கொடுக்கிறேன், நீ விடு’ என்று கையைப் பிடித்து இழுப்பது பார்க்க அன்பாக இருக்கும். பின்னால் நிற்பவருக்கு எரிச்சல். கிளம்பும் முன்பே ஆளுக்கு ஐந்நூறோ எழுநூறோ ஒருவருடைய ஜி-பேவுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மொத்தமாகக் கட்டட்டும். மிச்சம் அடுத்த சந்திப்புக்கு. குடிப்பவர் கணக்கு தனி, இது கண்டிப்பு. லைம் ஜூஸ் குடித்தவர் அடுத்தவருடைய விஸ்கிக்குப் பங்கு போடுவது எந்த ஊர் நியாயம்?

11. டிப்ஸுக்குச் சில்லறை நோட்டாகக் கையில் வைத்திருங்கள். இப்போது எல்லாரும் போனில் கட்டிவிட்டு எழுந்து போவதால் சர்வருக்குக் கிடைப்பது குறைந்துவிட்டது. பில் புத்தகத்துக்குள் வைப்பதைவிட, பரிமாறியவர் கையிலேயே கொடுப்பது மேல்.

12. குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த பெரிய கூட்டமானால் ஹோட்டலே வேண்டாம். பக்கெட் பிரியாணி சொல்லி யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிடுங்கள். தயிர் பச்சடியும் கத்திரிக்காய்த் தொக்கும் எவ்வளவு வரும் என்று முன்பே கேளுங்கள். எப்போதும் அதுதான் பற்றாது.

13. சாப்பிட்டது மிஞ்சினால் கேட்டு வாங்கிப் போக வெட்கப்படாதீர்கள். கையோடு ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டு போவது நல்லது. சோறும் தேங்காய்ச் சட்னியும் வெளியே கிடக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். அதற்குள் வீடு போய்ச் சேர மாட்டீர்கள் என்றால் எடுத்துப் போகவே வேண்டாம். பிரியாணியை மறுநாள் இட்லித் தட்டில் வைத்து ஆவியில் நன்றாகச் சூடு பண்ணினால் சோறு விறைக்காது. ஒரு தடவைக்கு மேல் சூடு பண்ண வேண்டாம்.

14. டிசம்பர் 31 இரவு வெளியே போயே ஆக வேண்டும் என்றால், கடற்கரைச் சாலையையும் பல மேம்பாலங்களையும் போலீஸ் மூடிவிடுவது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஹோட்டலே அன்றைக்கு நல்ல ஹோட்டல்.

15. புதுச்சட்டையில் சாம்பார் தெறித்தால் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. துவைத்து வெயிலில் காயப் போட்டால் தானே மங்கிவிடும். பட்டுப் புடவையில் நெய் சிந்தினால் தேய்க்கக் கூடாது. டிஷ்யூவால் ஒற்றி, முகப் பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விட்டு உதறுங்கள். போகவில்லை என்றால் ட்ரை கிளீனிங் கடைக்குக் கொடுக்கும்போது சிந்தியது நெய்யா பாயசமா என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டுக்கும் அவர்கள் போடும் மருந்து வேறு.