குரங்குக் காய்ச்சலும் உண்ணிக் கடியும்

மழை ஓய்ந்து பனி தொடங்கியதும் நம் மாணவ நண்பர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கர்நாடக மலைநாட்டுக்குக் கிளம்பிவிடுகின்றனர். ஜோக் அருவியைக் காணாமல் திரும்புவோர் குறைவு. அவ்வருவி உள்ள சிமோகா மாவட்டம் மருத்துவ வரலாற்றிலும் இடம் பெற்றது என்பதைப் பலர் அறியார்.

1957-ஆம் ஆண்டு அம்மாவட்டத்தின் சொரப வட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காடு சென்ற சிற்றூர் மக்களைக் கடுங்காய்ச்சல் பற்றியது. குரங்கும் மனிதனும் ஒருங்கே சாவதைக் கண்ட அறிஞர்கள், ஆப்பிரிக்க மஞ்சள் காய்ச்சல் இந்நாட்டில் புகுந்துவிட்டதோ என்று ஐயுற்றனர். பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்தபோது கிடைத்ததோ, ரஷ்ய நாட்டு மூளைக்காய்ச்சல் வைரஸின் நெருங்கிய உறவு! அதைச் சுமந்து திரிவது கொசு அன்று, உண்ணி. கன்னட மக்கள் இதனை ‘மங்கன காயிலெ’ என்பர். குரங்கு நோய் என்பது பொருள்.

உண்ணியின் வாழ்வு விந்தையானது. முட்டையினின்று ஆறு கால்களுடன் பிறக்கிறது, அடுத்த பருவத்தில் எட்டுக் கால், பின்னர் முதிர்ச்சி. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை குருதி உண்ண வேண்டும். நம்மைக் கடிப்பது பெரும்பாலும் இடைப்பருவத்துக் குஞ்சு. கடுகளவே இருப்பதால் கண்ணில் படாது. டிசம்பர் முதல் மே வரை அதன் ஆட்சிக் காலம்; நம் விடுமுறையும் அப்போதுதான்! நோயுற்ற குரங்கு இறந்தால் அதன் உடலிலுள்ள உண்ணிகள் அவ்விடத்திலேயே உதிர்ந்து பரவும். ஆகவே செத்த குரங்கைக் கண்டால் அருகில் செல்லாது, வனத்துறையினர்க்கோ சுகாதார நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். நோயைத் தொடர்ந்து கண்காணிக்கும் அலுவலர்க்குக் குரங்கின் சாவே முதல் எச்சரிக்கை.

அமெரிக்க நாட்டில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்னும் ஊரில் 1975-இல் சிறுவர் பலர்க்கு மூட்டு வீக்கம் கண்டதால் வெளிப்பட்ட லைம் நோயும் உண்ணி தருவதே. ஆனால் அதற்குக் காரணம் பாக்டீரியா. தோலில் வளையமாய் விரியும் செந்தடிப்பைக் கண்டதுமே, இரத்தச் சோதனைக்குக் காத்திராமல், மருத்துவர் டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம். நம் நோய்க்கு அந்த வசதி இல்லை. வைரஸை ஒழிக்கும் தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்தும் பாராசிட்டமாலும் கவனிப்புமே. தடுப்பூசியும் பயன் குறைந்ததால் 2022-இல் நிறுத்தப்பட்டது.

கடித்த மூன்று முதல் எட்டு நாள்களில் திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, தசை முறிவது போன்ற நோவு தோன்றும். சிலர்க்கு ஈறிலும் மூக்கிலும் குருதி கசியும். சிலர்க்கோ காய்ச்சல் விட்டு ஓரிரு வாரம் கழித்து மீண்டும் வந்து மூளையைத் தாக்கும். நூற்றில் மூவர் முதல் ஐவர் வரை இறப்பதுண்டு. மனிதரிடமிருந்து மனிதர்க்கு இது தொற்றாது. நோயுற்ற அறைத் தோழனை விட்டு ஓட வேண்டியதில்லை!

உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் தவறு. கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்துச் சோப்பு நீரால் கழுவுக. காட்டுக்குச் செல்லுமுன் உண்ணிகளை விரட்டும் எண்ணெய் பூசுவதும், கால்சட்டை விளிம்பைக் காலுறைக்குள் செருகுவதும், திரும்பியதும் வெந்நீரில் குளிப்பதும் நன்று.

இனி, நம் மாணவர்க்கே உரிய இடர் ஒன்று. பிடிப்பது காட்டில், காய்ச்சல் வருவதோ விடுதியில். இரத்தத் தட்டுகள் குறைவதால் நகரத்து மருத்துவர் டெங்கு என்றே எண்ணக்கூடும். எந்தக் காட்டில், எந்தத் தேதியில் இருந்தோம், உண்ணி கடித்ததா, செத்த குரங்கு கண்டோமா என்பவற்றை அவர் கேட்குமுன் நாமே சொல்ல வேண்டும். முதல் சில நாள்களில் இரத்தத்தில் வைரஸையே தேடிக் காணலாம். பிறகு எதிர்ப்பொருள் சோதனை. எதைத் தேடுவது என்று அவர்க்குத் தெரிந்தால்தான் இரத்தம் உரிய ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும்.