மக்காச்சோளக் காட்டில் காட்டுப்பன்றி: இருக்கன்குடி வட்டாரத்தில் கூட்டாகக் கட்டுப்படுத்தும் முறை

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியைச் சுற்றியுள்ள கரிசல் புஞ்சைகளில் காட்டுப்பன்றியின் தொல்லை ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை அறுவடை வரை நீள்கிறது. புரட்டாசி மழைக்கு விதைத்த மானாவாரி மக்காச்சோளம் கதிர் வைத்துப் பால் பிடிக்கும் நேரம் அது. ஒரு கதிரைத் தின்ன ஒரு தட்டையையே சாய்க்கும் விலங்கு என்பதால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம். பகலெல்லாம் ஆற்றுப்படுகையிலும் இருக்கன்குடி அணையின் நீர்ப்பிடிப்பிலும் கண்மாய்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் புதருக்குள் படுத்திருந்து, இருட்டியதும் வெளியேறும். பன்றிக்கு வியர்த்து உடல் குளிராது. சூட்டைத் தணிக்கச் சேறு வேண்டும். அணையோரம் அதையும் கொடுத்துவிடுகிறது. மேற்கே மலையடிவாரம் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆகவே இரவில் மலையிறங்கி விடியலில் திரும்பும் பன்றிகள் அல்ல இவை. இந்தப் புதர்களையே வீடாகக் கொண்டவை. கட்டுப்படுத்தும் வேலையும் புதரில் தொடங்கிப் புதரில்தான் முடிய வேண்டும். துப்பாக்கிக்கு அதில் ஓர் இரவு அல்லது இரண்டு இரவுப் பங்குதான் உண்டு.

யார் சுடலாம்

ஊரார் சேர்ந்து துப்பாக்கியோடு கிளம்பும் வேட்டைக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள வடிவில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையிலுள்ள விலங்கு மனித உயிருக்கோ நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகும்போது, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதித்தால் அதைக் கொல்ல 11-ஆம் பிரிவு வழி விடுகிறது.

இந்த வழியைத்தான் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், ஊர்மட்டக் குழு சேதத்தைப் பார்த்து உறுதி செய்தபின், பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை அழைக்க முடிகிறது. தமிழ்நாட்டு விவசாயியிடம் துப்பாக்கி உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுடும் உரிமை அதனால் வந்துவிடாது. இருக்கன்குடி வட்டாரத்தில் களத்தில் இறங்கும் குழு என்றால் சுடுவது வனத்துறை. தடம் காட்டுவது, காவல் இருப்பது, ஆள் நடமாட்டத்தைத் தடுப்பது ஊரார். இந்தப் பிரிவினை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் விளங்கிவிட வேண்டும்.

விண்ணப்பமும் பதிவும்

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, வந்தது காட்டுப்பன்றிதானா என்பது. சாத்தூர்ப் பக்கம் ஊர்ப்பன்றிகளும் அவிழ்த்துவிட்டபடி திரிந்து பயிரில் இறங்குகின்றன. ஊர்ப்பன்றிக்கு உடைமையாளர் உண்டு. அது ஊராட்சி தீர்க்க வேண்டிய வழக்கு. காட்டுப்பன்றியின் முதுகில் பிடரியிலிருந்து நீளும் விறைத்த மயிர்வரிசை, நீண்டு ஒடுங்கிய முகம், மெலிந்த பின்பகுதி, ஆணுக்கு மேல்நோக்கி வளைந்த கோரைப்பல் ஆகியவை அடையாளங்கள். குட்டிகளின் உடலில் நீளவாக்கில் வெளிர்கோடுகள் இருக்கும்.

அடுத்து, சேதத்தை நாள்வாரியாக எழுத வேண்டும். சர்வே எண், பயிர், வயது, சாய்ந்த பரப்பு, தேதி தெரியும் புகைப்படம், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் நகல் ஆகியவை கையில் இருந்தால் விண்ணப்பம் நகரும். தனித்தனியாகப் பத்துப் பேர் எழுதுவதைவிட ஓடையின் இரு கரையிலும் நிலம் வைத்திருப்பவர்கள் கூட்டாக ஒரே மனு கொடுப்பது மேல். பன்றிக்கு ஊர் எல்லை தெரியாது. அண்டை ஊரான நென்மேனிப் பக்கம் விரட்டினால் இருக்கன்குடிப் பக்கம் வரும். மனு வனச்சரகருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போக வேண்டும். தாமதமானால் விருதுநகரில் ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுப்பலாம். பயிர் சேத நிவாரணத்துக்கான விண்ணப்பம் தனி. பன்றியைச் சுட்டுவிட்டார்கள் என்பதால் அது ரத்தாகாது. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவது நல்லது.

தடம் பார்த்தல்

குழு வருவதற்கு முன் குறைந்தது பத்து நாளாவது தடம் பார்க்க வேண்டும். ஈரக் கரிசலில் பன்றித் தடம் தெளிவாகப் பதியும். ஆட்டுத் தடத்தைவிட முனை மழுங்கியிருக்கும். இரு குளம்புகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இரண்டு சிறு குளம்புகளும் அழுந்தியிருக்கும். மூக்கால் கிண்டிய மண், சேற்றுக்குழி, சேறு அப்பிய மரத்தூர், எச்சம் எல்லாவற்றையும் கிராம வரைபட நகலில் குறித்தால் படுக்கும் புதருக்கும் மேயும் புஞ்சைக்கும் இடையே இரண்டு மூன்று வழிகள் துலங்கிவிடும். பன்றிக் கூட்டம் பெரும்பாலும் பழகிய வழியிலேயே போகும். வனத்துறையின் தானியங்கிக் கேமராவை அந்த வழியில் கட்டினால் எத்தனை தாய், எத்தனை குட்டி, எத்தனை மணிக்கு என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு வெறும் ஆர்வத்துக்காக எடுப்பதன்று. தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாக வாழும். பெரிய ஆண் தனியே திரியும். கருக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். ஒரு வயதுக்குள்ளேயே பெண் பன்றி இனப்பெருக்கத்துக்குத் தயார். ஓர் ஆண்பன்றியைச் சுட்டு வீழ்த்திப் படம் எடுத்துக்கொள்வதால் அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறையாது. கூட்டத்தில் ஒன்றிரண்டைச் சுட்டு மற்றவற்றைச் சிதறவிட்டால் அவை நேரம் மாற்றி, வழி மாற்றி, முன்பு பன்றியே வராத புஞ்சையிலும் இறங்கும். காட்டுப்பன்றியோடு பல பத்தாண்டுகளாகப் போராடும் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு கூட்டத்தை முழுதாகக் கூண்டில் அடைப்பதையே பரிந்துரைக்கிறார்கள். இங்கும், குட்டிகளோடு கூடிய கூட்டத்துக்கு வனத்துறையின் கூண்டைக் கேட்பதே முறை. பால் கொடுக்கும் தாயைச் சுட்டால் குட்டிகள் புதருக்குள் பட்டினியில் சாகும். அது கொடுமை, ஒரு பயிரைக் காக்க அதைச் செய்ய வேண்டியதில்லை.

ஆபத்து வரைபடம்

இந்த வட்டாரத்தில் மற்ற எந்தப் படியைவிடவும் அதிக நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது, ஆபத்தான இடங்களைக் குறிக்கும் வரைபடம். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் புஞ்சைகளுக்கு நடுவே பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. மருந்துக் கலவை அறையும் இருப்புக் கிடங்கும் பொட்டலில் தனித்தனிச் சிறு கட்டடங்களாக நிற்கும். இருட்டில் பம்பு செட் அறையிலிருந்து வேறுபடுத்த முடியாது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஒரு ரைஃபிள் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் பாயக்கூடியது. ஆலை இருக்கும் திசையில் எந்தச் சூழ்நிலையிலும் குழல் திரும்பக் கூடாது. ஆலை மேலாளருக்கும் இரவுக் காவலாளிக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். உரிமமின்றித் திரியோ வெடியோ தயாரிக்கும் கொட்டகை வழியில் இருப்பது தெரிந்தால் அதைக் குழுத் தலைவரிடம் மறைக்கக் கூடாது. அண்டைவீட்டாரைக் காட்டிக்கொடுக்கத் தயங்கும் மனம் இங்கே அவருடைய உயிருக்கே கேடாகும்.

ஆலைகளுக்கு அடுத்து மனிதர்கள். கரிசலில் இரவில் ஆள் படுத்திருக்கும் இடங்கள் வெளியூர்க் குழுவுக்குத் தெரியாது: அறுவடை முடிந்த புஞ்சையில் கிடை போட்டிருக்கும் கீதாரிகள், கருவேலம் புதரோரம் கரிமூட்டத்துக்குக் காவல் இருப்பவர்கள், கதிரடித்த களத்தில் தூங்குபவர்கள். ஒவ்வொருவரையும் அன்று பிற்பகல் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொன்னது போதாது. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகளைச் சுற்றிக் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்ட வேண்டும். மின்கம்பி செல்லும் பாதையும் வரைபடத்தில் ஏற வேண்டும்.

நாள் குறித்தல்

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி கடைசி வெள்ளிக்கும் தை கடைசி வெள்ளிக்கும் நடந்தே வரும் பக்தர்கள் இரவு முழுதும் சாலையிலும் ஓடைப்பாதையிலும் இருப்பார்கள். ஆற்று மணலில் குடும்பம் குடும்பமாகப் பொங்கலிட்டுத் தங்குவார்கள். அந்த நாட்களையும் அவற்றுக்கு முன்பின் நாட்களையும் தவிர்த்தாக வேண்டும். மற்ற மாதங்களிலும் கோயிலுக்குக் கூட்டம் வரும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு வேண்டாம்.

மழை பெய்தபின் மூன்று நாளைக்குக் கரிசலில் வண்டி இறங்காது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத நிலத்தில் துப்பாக்கி எடுக்கக் கூடாது. நிலவு வெளிச்சம் ஆள் அடையாளம் காண உதவும். பன்றிக்குக் கண் மங்கல், மோப்பம் கூர்மை. ஆகவே காற்றே முக்கியம். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுவதால், பன்றி வரும் வழிக்குத் தென்மேற்கில் இடம் பிடிப்பது பொது விதி. அன்று மாலை ஒரு பிடி சாம்பலைத் தூவிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

அந்த இரவு

விரட்டி வேட்டையாடுவதா, காத்திருந்து சுடுவதா என்ற கேள்விக்கு இந்த நிலத்தில் ஒரே விடை: காத்திருத்தல். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மக்காச்சோளத்துக்குள் தகரம் தட்டி விரட்டுபவர் எங்கே இருக்கிறார் என்று சுடுபவருக்குத் தெரியாது. குண்டைத் தாங்கும் மேடோ குன்றோ இங்கே கிடையாது. தரைமட்டத்தில் நின்று சுட்டால் தவறிய குண்டு அடுத்த ஊர் வரை போகும். பரணில் அல்லது டிராக்டர் டிரெய்லர் மேல் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். இடமும் பயிருக்குள் வேண்டாம். புதருக்கும் புஞ்சைக்கும் இடைப்பட்ட திறந்த பொழியே சரி.

குழுத் தலைவர் ஒருவரே. அவர் வனத்துறை அலுவலராக இருப்பார். அவர் சொல்லாமல் யாரும் இடம் பெயரக் கூடாது. இருக்கன்குடி காவல் நிலையத்துக்கும் தகவல் போயிருக்க வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பெயர் சொல்லித் தலையெண்ண வேண்டும். ஊரார் பாதைமறிப்பில் நிற்பார்கள். ஒளிரும் பட்டை தைத்த மேலாடை அவசியம். குடித்தவர், சிறுவர், வேடிக்கை பார்க்க வந்தவர், நாயோடு வந்தவர் எல்லோரும் திரும்பிப் போக வேண்டும். சொந்தக்காரராக இருந்தாலும் விதிவிலக்கில்லை. விளக்கடித்துப் பன்றி முழுதாகத் தெரிந்தபின்தான் சுட வேண்டும். சலசலப்பைக் கேட்டுச் சுடுவதும் கண்ணொளியை மட்டும் பார்த்துச் சுடுவதும்தான் உலகெங்கும் பல வேட்டைச் சாவுகளுக்குக் காரணம். அந்தக் கண்கள் கிடையாட்டினுடையவையாகவும் இருக்கலாம்.

காயம்பட்ட பன்றி புதருக்குள் ஓடினால் இருட்டில் பின்தொடரக் கூடாது. கோரைப்பல் தொடையைக் கிழித்தால் ரத்தம் நிற்காது. ரத்தத் தடத்தைக் குறித்துவைத்து விடியலில் துப்பாக்கியோடு வனத்துறையினர் இருவர் சேர்ந்து தேட வேண்டும், அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆளுக்கு அடிபட்டால் காயத்தைத் துணியால் அழுத்திக் கட்டி, 108-ஐ அழைத்து, சாத்தூர் அரசு மருத்துவமனைக்கோ விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். தையல் போட்டுத் திரும்பிவிடாமல் டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசி பற்றியும் கேட்க வேண்டும்.

உடலும் கறியும்

சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, 11-ஆம் பிரிவின் கீழ் வேட்டையாடப்பட்ட விலங்கு மாநில அரசின் சொத்து. கறியைப் பங்கு போடுவது குற்றம். பழைய பழக்கத்தில் ஊறிய ஊர்களில் இதுதான் சச்சரவைக் கிளப்பும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நோயும் ஒரு காரணம். 2023 ஜனவரியில் முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அது மனிதரைத் தாக்காது. பண்ணைப் பன்றிகளை வாரிக்கொண்டு போகும். எலிக்காய்ச்சல் போன்றவை மனிதருக்கும் தொற்றும். எடை, பால், வயது ஆகியவற்றை வனத்துறை பதிந்தபின், கையுறை அணிந்து, நீர்நிலைக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

எந்த நிலையிலும் துணியக் கூடாதவை

வெடிமருந்து கைக்கெட்டும் வட்டாரம் என்பதால், இரைக்குள் வெடியைப் பொதிந்த அவுட்டுக்காய் வைக்கும் ஆசை இங்கே எளிதில் எழும். அதைக் கடித்த மாடு தாடை சிதறிப் பல நாள் தவித்தே சாகும். எடுத்துப் பார்க்கும் குழந்தைக்குக் கை போகும். வெடிபொருள் சட்ட வழக்கும் வரும். மின்கம்பியிலிருந்து நேராக மின்சாரம் இழுத்த வேலி இன்னும் மோசம்: 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் மாண்டன, தமிழ்நாட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளே தங்கள் வேலியில் மாண்டிருக்கிறார்கள். கம்பிக் கண்ணியும் விஷமும் எந்த உயிரென்று பார்க்காது. விரட்ட வெடி போடுவதும் காய்ந்த தட்டைக்கும் ஆலைக்கும் அருகில் கூடாது. சில நாளில் பன்றிக்கும் அந்தச் சத்தம் பழகிவிடும்.

அடுத்த பருவத்துக்கு

சுட்ட மறு வாரமே புதர் வேலை தொடங்க வேண்டும். பயிர் ஓரத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் அகலத்துக்குச் சீமைக்கருவேலத்தைத் தூரோடு பறித்தால் பன்றி திறந்த வெளியைக் கடக்கத் தயங்கும். வெட்டி மட்டும் விட்டால் தழைத்துவிடும். கண்மாய், ஓடைப் புறம்போக்கில் வெட்டப் நீர்வளத் துறையிடமோ ஊராட்சியிடமோ அனுமதி வாங்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஒரே வாரத்தில் விதைத்தால் கதிரும் ஒரே சமயத்தில் முற்றும். முந்தியும் பிந்தியும் நிற்கும் ஒற்றைப் புஞ்சைதான் முழு அடியையும் வாங்குகிறது. ஓரத்தில் பழைய சேலை கட்டுவது மலிவு. பால் பிடிக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் கட்டினால் பலன் தரும், ஆண்டு முழுதும் தொங்கவிட்டால் பழகிப்போகும். சூரிய மின்வேலி போடுபவர்கள் 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகளைப் பார்த்து, தரச்சான்று பெற்ற துடிப்பு மின்கருவியை மட்டும் வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை அதே வழிகளில் தடம் பார்த்து அதே வரைபட நகலில் தேதியோடு எழுதி வைத்தால், அடுத்த ஐப்பசியில் மனு எழுதும்போது சான்று தேடி அலைய வேண்டியிராது.