பர்மா மண்ணில் ஸ்பிட்ஃபயர் புதைந்திருக்கிறதா?

கேள்வி: இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, பெட்டி பிரிக்காத ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களை ரங்கூனை அடுத்த மிங்கலாடோன் விமானத் தளத்தில் வெள்ளைக்காரர்கள் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்கிறார்கள். என் பெரியப்பா சிறுவயதில் ரங்கூனில் இருந்தவர். இப்போது 90 வயது. துறைமுகத்தில் வீடு மாதிரி பெரிய மரப்பெட்டிகளைப் பார்த்ததாக இன்றும் சொல்வார். கருவி வைத்துப் பார்த்ததில் பூமிக்கு அடியில் உலோகம் தெரிந்ததாகவும் படித்தேன். பிறகு ஏன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை? அரசாங்கம் மறைக்கிறதா? அல்லது பார்த்தேன் என்றவர்கள் எல்லோரும் கதை விட்டார்களா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் பெரியப்பா பெட்டியைப் பார்த்திருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 90 வயதில் அவரிடம் போய் யாரும் "நீங்கள் கதை விடுகிறீர்கள்" என்று சொல்லிவிடக் கூடாது. ஜப்பானியர்கள் 1942 மார்ச்சில் பிடித்த ரங்கூனை பிரிட்டிஷார் 1945 மே மாதம் மீட்டார்கள். அதற்குப் பிறகு 1946 வரை அந்தத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து விமானங்கள் பெட்டிகளில் இறங்கியது உண்மை. அவற்றை இறக்கிக் கணக்கு வைத்தது பிரிட்டிஷ் விமானப்படையின் 41ஆவது கப்பலேற்றப் பிரிவு. ஏற்றுவதும் இறக்குவதும்தான் அந்தப் பிரிவின் வேலை. அதன் ஏட்டில் உள்ள கணக்கு: மூன்று கப்பல்களில் மொத்தம் 37 விமானங்கள். பெரியப்பா பார்த்தது அவற்றில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த 37இல் ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை 1946 இலையுதிர் காலத்திலேயே மறுபடி கப்பலேறிவிட்டன.

நீங்கள் இரண்டே வழி தருகிறீர்கள். ஒன்று மறைக்கிறார்கள், இல்லையென்றால் பொய் சொல்கிறார்கள். நடந்தது இரண்டுமே அல்ல.

மறைப்பது என்ற சந்தேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். 2012 ஏப்ரலில் பர்மாவுக்குப் போன பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், அதிபர் தெய்ன் செய்னிடம் இந்த விமானங்களைப் பற்றியும் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் பர்மிய அரசு தோண்டுவதற்கு ஒப்பந்தம் போட்டது. கிடைப்பதில் பாதி அரசுக்கு என்பது ஏற்பாடு. பறக்கும் நிலையில் உள்ள ஒரு ஸ்பிட்ஃபயர் பல கோடி ரூபாய் பெறும். இரண்டு அரசுகளும் கிடைக்காதா என்று காத்திருந்தன. மறைக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

இந்தத் தேடலின் நாயகர் டேவிட் கண்டால், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் விவசாயி. 1990களின் நடுவில் விமான ஆர்வலர் ஒருவர் சொல்லி இந்தக் கதை அவர் காதுக்கு வந்தது. அந்த ஆர்வலருக்குச் சொன்னவர்கள் அமெரிக்கக் கட்டுமானப் படையின் பழைய வீரர்கள் சிலராம். கண்டால் தன் கைப்பணத்தைப் போட்டுப் பலமுறை பர்மா போய், பதினாறு ஆண்டுகள் விடாமல் தேடினார். அவர் மோசடிக்காரர் அல்ல. முழுமனதோடு நம்பியவர். தாங்களும் மிங்கலாடோனில் பெட்டிகளைப் பார்த்தோம் என்று முன்வந்த முன்னாள் வீரர்களும் நேர்மையானவர்களே. இத்தனை நேர்மையான மனிதர்கள் சேர்ந்து இல்லாத ஒன்றை எப்படிக் கண்டார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியின் சுவையான பகுதி.

கதையைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். பெட்டி உண்டு என்று பார்த்துவிட்டோம். விமானத்துக்கு மசகு பூசி, மெழுகுத்தாள் சுற்றி, பெட்டி இடுக்குகளைத் தாரால் அடைத்திருந்தார்கள் என்று கதையில் வருகிறதே, அதுவும் உண்மைதான். ஆனால் அது மண்ணுக்காகச் செய்தது இல்லை. கடல் கடந்து போகும் எல்லா விமானத்துக்கும் உப்புக்காற்று படாமல் இருக்க அப்படித்தான் செய்வார்கள். குழியும் உண்மை. எந்த விமானத் தளத்திலும் உடைசலை, காயலான் சரக்கைக் குழிதோண்டித் தள்ளி மூடுவது வழக்கம். மிங்கலாடோனில் ஸ்பிட்ஃபயர் பறந்ததும் உண்மை. ஏன், பர்மா 1948இல் விடுதலை பெற்ற பிறகு அதன் சொந்த விமானப்படையே 1950களில் இஸ்ரேலிடமிருந்து பழைய ஸ்பிட்ஃபயர்களை வாங்கி ஓட்டியது. நாலு செங்கல்லும் உண்மையான செங்கல். கட்டிய வீடு மட்டும் யாரும் பார்க்காதது. ஒருவர் பெட்டியைப் பார்த்தார், இன்னொருவர் குழியைப் பார்த்தார், மூன்றாமவர் விமானத்தைப் பார்த்தார். ஐம்பது வருடம் கழித்து ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும்போது, பெட்டிக்குள் விமானம் புகுந்து பெட்டி குழிக்குள் இறங்கிவிட்டது. எண்ணிக்கை வளர்ந்ததையும் கவனியுங்கள். 2012 ஏப்ரலில் இருபது என்றார்கள். ஆண்டு முடிவதற்குள் பத்திரிகைகளில் 140 வரை போய்விட்டது. ஏட்டில் இருக்கும் எண் இப்படி வளராது. வாய்வழி வந்த எண்தான் வளரும்.

இனி கருவிக்கு வருவோம். பலரைத் தடுமாற வைத்தது அதுதான்.

எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க ஒருவரை வரவழைத்தோம். நாலு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடித்து, ஒயரை மாட்டி, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு நடுவே அளந்தார். மண்ணின் மின்தடை, அதாவது மின்சாரம் ஓட மண் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைக் காட்டும் கருவி அது. "இருநூறு அடியில் மாறுது சார்" என்றார். மாறியது உண்மைதான். ரிக் வண்டி வந்து துளைத்தபோது அந்த ஆழத்தில் வெளியே வந்தது சாம்பல் நிறக் களிமண் குழம்பு. தண்ணீர் வரவில்லை. அவர் எங்களை ஏமாற்றவில்லை. கருவி "இங்கே வேறு ஏதோ இருக்கிறது" என்றது. "தண்ணீர்" என்ற சொல்லைப் போட்டுக்கொண்டது நாங்கள்.

மிங்கலாடோனிலும் இதே கதைதான். மின்காந்த ஆய்வு என்பது தரைக்கு மேலிருந்து காந்த அலையை அனுப்பி, அடியில் மின்சாரம் எளிதாக ஓடும் இடம் எது என்று பார்க்கும் முறை. அதில் சில இடங்கள் மாறுபட்டுத் தெரிந்தன. ஆய்வாளர்கள் இதைப் பிறழ்வு என்பார்கள். சுற்றியுள்ள மண்ணோடு ஒத்துப்போகாத இடம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. விமானத்தின் அலுமினியத்தில் மின்சாரம் நன்றாக ஓடும். ஈரக் களிமண்ணிலும் ஓடும். உப்பு கலந்த நிலத்தடி நீரிலும் ஓடும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி வடம், போர்க்காலத்தில் ஓடுபாதைக்கு விரித்த துளையிட்ட இரும்புத் தகடு, எல்லாமே இதே குறியைத்தான் தரும். ரங்கூனில் வருடத்துக்கு நம் செட்டிநாட்டைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு மழை, மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை. மிங்கலாடோன் தளமோ இன்று யாங்கோன் சர்வதேச விமான நிலையம். தோண்டப்போன குழுவுக்கு அங்கே மண்ணுக்கடியில் தென்பட்டது மின்வடங்களும் குழாய்களும். வடக்கே மிச்சினாவில் ஒரு மரப்பெட்டி கிடைத்து, உள்ளே கேமரா இறக்கியபோது உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. உள்ளே இருந்தது சேற்றுத் தண்ணீர்.

2013 ஜனவரியில் மிங்கலாடோன் போன குழுவுக்குச் செலவு செய்தது வார்கேமிங் என்ற கணினி விளையாட்டு நிறுவனம். நல்ல வேளையாக அவர்கள் மண்வெட்டியோடு நிற்காமல் தொல்லியல் அறிஞர்களையும் கூட்டிப்போய், லண்டன் ஆவணக் காப்பகத்தையும் புரட்டினார்கள். 41ஆவது பிரிவின் ஏட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். பிப்ரவரியில் அந்த நிறுவனமே, இவ்வளவு பணம் போட்ட பிறகு, புதைந்த விமானம் எதுவும் இல்லை என்று அறிவித்தது. கண்டால் அதை ஏற்கவில்லை. நிறுவனத்தின் அந்த அறிவிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். "இன்னும் ஆழமாகத் தோண்டினால் கிடைக்கும்" என்று சொல்லி இன்னும் சில வருடம் ஓட்டியிருக்கலாம்.

நீங்கள் இன்னொன்று கேட்கலாம்: ஏட்டில் எழுதாமலே புதைத்திருந்தால்? நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசிக் கால ஸ்பிட்ஃபயரின் உடல்பகுதி மட்டும் ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். பெட்டியை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பெட்டியை அடுத்தடுத்து வைக்க 36 மீட்டர் அகலக் குழி, ஆழம் 6 மீட்டர். 2,500 கன மீட்டருக்கு மேல் மண் வெளியே வரும். மழைக்காலத்தில் குழி குளமாகும், இறைக்கப் பம்பு வேண்டும். சரிவு விழாமல் மரம் கொடுக்க வேண்டும். பெட்டியை இறக்கக் கிரேன் வேண்டும். ஆட்களுக்குச் சோறு போட வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் காகிதம் இல்லாமல் செய்ய முடியாத வேலை. ஒரு டின் பெட்ரோலுக்கும் கையெழுத்து வாங்கும் படை அது. ஒவ்வொரு பிரிவுக்கும் தினசரி நடவடிக்கை ஏடு உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் தனி எண், தனி அட்டை. அது பிறந்தது, கை மாறியது, கடைசியில் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று ஜாதகம் மாதிரி எல்லாம் அதில் இருக்கும்.

எதற்காகப் புதைக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. பிறர் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக என்கிறது கதை. பிறர் கைக்குப் போகக் கூடாதென்றால் யாராவது மசகு பூசிப் பத்திரப்படுத்துவார்களா? உடைப்பார்கள். அதைத்தான் செய்தார்கள். கான்பூரில் பிரிட்டிஷார் விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை உடைத்து, எஞ்சினில் மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அவற்றிலிருந்து நம் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் பொறுக்கிச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறக்கவைத்துக் கொண்டுபோய்ச் செப்பனிட்டார்கள். ஏறக்குறைய நாற்பது விமானங்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. புதையல் கதை கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் கதை இது. இதைப் படமெடுக்க இன்னும் யாரும் வரவில்லையே என்பது என் ஆதங்கம்.

சுரங்கப் புதையல் கதைகளுக்கும் இதே வைத்தியம்தான். போலந்தின் வாப்ஜிக் நகரத்தருகே நாஜிகள் தங்கம் ஏற்றிய ரயிலைச் சுரங்கத்தில் அடைத்துவைத்தார்கள் என்று 2015இல் இருவர் நிலம் ஊடுருவும் ரேடார் படத்தோடு வந்தார்கள். மண்ணுக்குள் வானொலி அலையைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கும் கருவி அது. துணை அமைச்சர் ஒருவரே 99 சதவீதம் உறுதி என்றார். 2016இல் தோண்டினார்கள். ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. எதிரொலி தந்தது இயற்கையான மண்ணமைப்பு. ஆனால் பக்கத்து மலைகளில் கைதிகளை வதைத்து நாஜிகள் குடைந்த உண்மையான சுரங்கங்கள் இருக்கின்றன, இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பெட்டி உண்மையாக இருந்ததுபோல் இங்கே சுரங்கம் உண்மை.

அப்படியென்றால் காணாமல்போன விமானம் கிடைத்ததே இல்லையா? கிடைத்திருக்கிறது. 1942 ஜூலை 15 அன்று கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் எட்டு அமெரிக்க விமானங்கள் எரிபொருள் தீரும் நிலையில் இறங்கின. அவற்றில் இருந்த அத்தனை பேரும் மீட்கப்பட்டார்கள். எங்கே இறங்கின, என்ன வகை, எத்தனை என்பதெல்லாம் அன்றே எழுதப்பட்டிருந்தது. தேடிப் போனவர்கள் கொஞ்சம் பனியைத் தள்ளினால் போதும் என்று நினைத்தார்கள். விமானங்கள் இருந்ததோ 80 மீட்டருக்கும் கீழே. வெந்நீரால் பனியை உருக்கிக் கிணறு இறக்கி, 1992இல் ஒரு பி-38 விமானத்தைத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்தார்கள். 2002இல் அது மறுபடி பறந்தது. ஆழம் தவறிப்போனாலும் விமானம் அங்கேதான் இருந்தது, ஏனென்றால் அங்கே ஏடு முதலில், தேடல் பிறகு. பர்மாவில் கதை முதலில் வந்தது, அதற்கு ஏடு தேடிப் போனார்கள்.

ஐயா, ஒரு வேண்டுகோள். உங்கள் பெரியப்பாவிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். பெட்டியை எந்த இடத்தில் நின்று பார்த்தார்? கப்பலிலிருந்து இறங்கும்போதா, லாரியில் போகும்போதா? மழைக்காலமா? பெட்டியின் மேல் எழுத்தோ எண்ணோ இருந்ததா? உள்ளே விமானம் என்று யார் சொன்னார்கள், அன்றே சொன்னார்களா, பிற்பாடு ஊர் வந்த பிறகா? கண்ணால் பார்த்ததை ஒரு பக்கத்திலும், காதால் கேட்டதை எதிர்ப்பக்கத்திலும், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். 1946 ரங்கூன் துறைமுகத்தைக் கண்ணால் பார்த்த தமிழர்களில் இன்று நம்மிடையே இருப்பவர்கள் மிகச் சிலரே. அவர் பார்த்த பெட்டி அந்த 37இல் எது என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்போம். எழுதி முடித்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள்.