இடம் உண்டு

டிசம்பர் மாதம். பெங்களூரு சிவாஜி நகரில் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. பிள்ளைகள் குடில் கட்டுகிறார்கள். அடுப்பில் அச்சு முறுக்கு பொரிகிறது.

சிவாஜி நகரில் புனித மரியன்னை பேராலயம் இருக்கிறது. இப்போதுள்ள கோயில் 1882-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இங்கே தமிழிலும் பூசை நடக்கிறது. கிறிஸ்துமஸ் பூசைக்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பிறகு உறவினர்கள் ஒரே வீட்டில் கூடிச் சாப்பிடுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் கதை எப்படித் தொடங்குகிறது? மரியாவும் சூசையும் பெத்லகேம் ஊருக்குப் போனார்கள். மரியா நிறைமாதக் கர்ப்பிணி. சத்திரத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. மரியா குழந்தை இயேசுவைத் துணியில் சுற்றினார். மாட்டுத் தீவனத் தொட்டியில் படுக்க வைத்தார். லூக்கா எழுதிய நற்செய்தியில் இந்தக் கதை உள்ளது.

இடம் இல்லாதவருக்கு இடம் கொடுப்பதுதான் அன்பு. அப்படி இடம் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

அவர் பெயர் ஜான் ஜுகன். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் கண் தெரியாத ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். தன் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். பிறகு மேலும் பல முதியோர் வந்தார்கள். உதவி செய்யப் பெண்கள் சேர்ந்தார்கள். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற சபை உருவானது. 1900-ஆம் ஆண்டில் இந்தச் சகோதரிகள் பெங்களூருக்கும் வந்தார்கள். ஓசூர் சாலையில் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். சாதி, மதம் பார்க்காமல் ஏழை முதியோருக்கு இடம் தருகிறார்கள். ஜான் ஜுகனுக்கு 2009-இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

எல்லோராலும் இல்லம் நடத்த முடியாது. ஆனால் சொந்த வீட்டில் இடம் கொடுக்க முடியும். இதோ ஒரு குடும்பத்தின் கதை.

அக்கா பெங்களூரில் தையல் வேலை செய்கிறாள். அம்மா அவளோடு இருக்கிறார். தம்பி கோலார் தங்கவயலில் வசிக்கிறான். அவன் அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு அங்கிருந்து பலர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். தம்பியும் அப்படி வருகிற கூலித் தொழிலாளிதான்.

தம்பி அக்காவிடம் 20,000 ரூபாய் கடன் வாங்கினான். திருப்பித் தர முடியவில்லை. வார்த்தை தடித்தது. பேச்சு நின்றது. தினமும் பெங்களூருக்கு வந்தும் அவன் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்று கிறிஸ்துமஸ் கழிந்தது. ஒவ்வொரு வருடமும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அக்கா முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றாள். ஒரு நாள் அஞ்சலட்டை வாங்கினாள். தன் கையாலேயே எழுதினாள்:

"அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. உன் குரலைக் கேட்க ஆசைப்படுகிறார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு வா. பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இங்கே உனக்கு இடம் உண்டு."

டிசம்பர் 24 மாலை தம்பி குடும்பத்தோடு வந்தான். முதலில் யாரும் பேசவில்லை. அம்மா பேரனின் முகத்தைத் தடவிப் பார்த்தார். "இளைத்துவிட்டாயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வந்தது.

மறுநாள் விருந்து. எப்போதும் அக்கா கடைசியில்தான் சாப்பிடுவாள். அன்று தம்பி அவளையும் பந்தியில் உட்கார வைத்தான். அவனே பரிமாறினான். பிள்ளைகள் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டு போனார்கள். ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் அந்த வீடுகளிலிருந்து தட்டு வருமே!

பொங்கல் கழிந்ததும் அக்காவும் தம்பியும் பணத்தைப் பற்றிப் பேசினார்கள். மாதம் 500 ரூபாய் தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டான். அதை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கடன் இன்னும் தீரவில்லை. உறவு மீண்டும் துளிர்த்தது.

பேசுவோம்:
1. அக்கா ஏன் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவில்லை?
2. உங்கள் வீட்டு விருந்தில் கடைசியில் சாப்பிடுவது யார்? ஏன்?

எழுதுவோம்:
நீண்ட நாளாக வராத உறவினர் ஒருவருக்கு நான்கு வரியில் கடிதம் எழுதுங்கள். எழுதியதைத் தபாலில் போடுங்கள்.