கார் ஷெட்டில் கபோர்டு மாட்டுவதற்கு முன்

பஞ்சர் பம்ப், மிச்சப் பெயிண்ட், ஸ்பேனர் செட், உரச் சாக்கு, கொலுப் படி என்று வீட்டுக்குள் இடம் கிடைக்காத எல்லாம் கடைசியில் கார் ஷெட்டுக்கு வந்து சேரும். ஒரு கட்டத்தில் கபோர்டு ஒன்று ஆர்டர் போடுவோம். பெட்டி வந்து இறங்கிய அன்றே மாட்டிவிட வேண்டும் என்று கையும் பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஷெட் உங்கள் ஹால் இல்லை. இங்கே தரை சரிவாக இருக்கும், சாரல் அடிக்கும், கார் கழுவிய தண்ணீர் ஓடும், எலியும் கரையானும் வரும். ஷெட் கபோர்டு விழுவதும் உப்பிப்போவதும் பெரும்பாலும் கபோர்டின் குற்றமே இல்லை. கீழே உள்ள தரையையும் பின்னால் உள்ள சுவரையும் யாரும் பார்க்காததுதான் காரணம்.

செய்ய வேண்டியவை

• காரை உள்ளே நிறுத்தி, கதவுகளையும் டிக்கியையும் திறந்து வைத்துக்கொண்டு அளவெடுங்கள். காலி ஷெட்டில் எடுக்கும் அளவு ஏமாற்றும். கபோர்டு வரும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். கபோர்டின் கதவு திறக்கும் தூரத்தையும் சேர்த்து வரையுங்கள். கிச்சனுக்கு வரும் 24 இஞ்ச் ஆழம் ஷெட்டுக்கு வேண்டாம். 12 முதல் 15 இஞ்ச் ஆழமே தாராளம். பின்வரிசைக்குப் போன சாமானை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

• சுவர் எதனால் கட்டியது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து தீர்ந்தது. கபோர்டு மறைக்கப்போகும் இடத்தில் 6 மி.மீ. பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். முதலில் பூச்சின் சாம்பல் தூள் வரும், அதை விடுங்கள். பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். நல்ல பிளக் போட்டால் பிடிக்கும். மாவு மாதிரி வெள்ளையாக, எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் ஏ.ஏ.சி. பிளாக், அதற்கென்று விற்கும் பிளக்கை வாங்குங்கள், ஹேமர் மோடை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். கொஞ்ச தூரம் இறுக்கமாகப் போய் சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். சாதாரண பிளக் அந்தக் குழிக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட சுவரில் தொங்கும் கபோர்டு ஆசையை விட்டுவிட்டு, தரையில் நிற்கும் கபோர்டு வாங்குவதே புத்திசாலித்தனம். நாலரை இஞ்ச் செங்கல் சுவராக இருந்தால் மெதுவாகப் போங்கள். அவசரப்பட்டு ஹேமர் அடித்தால் அந்தப் பக்கத்துப் பூச்சு பெயர்ந்து விழும்.

• சுவருக்குள் ஓடும் பைப்பையும் வயரையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் மோட்டார் லைன் பல வீடுகளில் ஷெட் சுவரில்தான் ஏறும். ஸ்விட்ச் பாக்ஸ் இருந்தால் அதற்கு நேர் மேலும் நேர் கீழும் துளை வேண்டாம். வீடு கட்டும்போது எடுத்த போட்டோ போனில் இருந்தால் தேடிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் வேலை செய்யுங்கள்.

• நிற்கும் கபோர்டைத் தரையிலிருந்து 4 இஞ்சாவது தூக்கி வையுங்கள். அட்ஜஸ்ட் செய்யும் பி.வி.சி. கால்களோ ஸ்டீல் கால்களோ போதும். மரக்கால் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சும். இந்த 4 இஞ்ச் தினசரி ஈரத்துக்கு மட்டும்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்குத் தெரியும், ஷெட்டில் தண்ணீர் இஞ்சில் நிற்பதில்லை, அடியில் நிற்கும். உங்கள் பகுதி தாழ்வானது என்றால் டிரில்லிங் மெஷின், சார்ஜர் போன்றவற்றை மேல் தட்டில் மட்டும் வையுங்கள்.

• பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையைப் பலகையிலேயே பாருங்கள். அதுதான் மரைன் கிரேடு. "வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்ற வாய்ச்சொல் பலகையை நனையாமல் காப்பாற்றாது. வெட்டிய விளிம்புகளுக்கு எட்ஜ் பேண்ட் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கோட் எனாமல் அடியுங்கள். தண்ணீர் முகப்பு வழியாக வருவதில்லை, விளிம்பு வழியாகத்தான் ஏறும்.

• பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு பாகத்தையும் தாளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். ஸ்க்ரூக்களை வகை வகையாகக் கிண்ணங்களில் போடுங்கள். பாதி பூட்டிய பிறகு ஒரு கீல் குறைவது தெரிந்தால், மிச்சம் பாதி ஒரு வாரம் ஷெட்டில் கிடக்கும். காரை மழையில்தான் நிறுத்துவீர்கள்.

• பின்பலகையைப் பூட்டுவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு அளவு, வலது மேலிருந்து இடது கீழுக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றாக வந்தால்தான் பெட்டி நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் நீளமாக வரும் இரண்டு மூலைகளையும் கையால் அழுத்தி, சரியானதும் பின்பலகையை அடியுங்கள். கதவு மாட்டிய பிறகு இரண்டு கதவும் ஏறுமாறாக நிற்பதற்கும், கீலைத் திருகித் திருகி நீங்கள் சலித்துப்போவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

• தரை உயரமாக இருக்கும் மூலையிலிருந்து ரசமட்டம் பார்க்கத் தொடங்குங்கள். கழுவும் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று ஷெட் தரையைக் கேட் பக்கமாகச் சரித்துத்தான் போடுவார்கள். உயர்ந்த மூலையில் உள்ள காலை முழுக்க உள்ளே திருகிவிட்டு, மற்ற கால்களை அதற்குச் சமமாக வெளியே இழுங்கள். தலைகீழாகத் தொடங்கினால் கடைசிக் காலுக்கு நீளம் போதாது. அட்டையை மடித்துச் சொருகுவீர்கள்.

• துளையின் ஆழத்தை டிரில் பிட்டில் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது. பூச்சு 15 மி.மீ. இருக்கும், அது எதையும் தாங்காது. பிளக் 40 மி.மீ. நீளம் என்றால் அது முழுவதும் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்கார வேண்டும். நுனியில் கொஞ்சம் இடமும் விட்டால், துளை 60 மி.மீ. வேண்டும். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட், ஒரு நூல்கூடப் பெரியது வேண்டாம். கபோர்டுக்குள் மேலே குறுக்கே ஓடும் 18 மி.மீ. பட்டியையும் சேர்த்தால் ஸ்க்ரூ 3 இஞ்சுக்குக் குறையக் கூடாது. பெட்டியோடு வரும் ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூவைத் தூக்கி வேறு வேலைக்கு வையுங்கள். துளையில் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கைத் தட்டுங்கள். தூள் இருந்தால் பிடிப்பு இருக்காது. ஊதும்போது கண்ணாடி போட்டிருங்கள்.

• தொங்கும் கபோர்டுக்கு முதலில் கீழே ஒரு ஆங்கிளை மட்டம் பார்த்து முடுக்குங்கள். கபோர்டை அதன்மேல் உட்காரவைத்துவிட்டு நிதானமாக மேலே ஸ்க்ரூ போடலாம். எடையை ஆங்கிளும் பகிர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் ஒருவர் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் அவசர அவசரமாகத் துளை தேட வேண்டியிருக்கும்.

• நிற்கும் கபோர்டையும் சுவரோடு பிணையுங்கள். மேலே இரண்டு எல் கிளாம்ப் போதும். கீழ் டிராயரை இழுத்து அதன்மேல் ஏறி நிற்காத குழந்தை எந்த வீட்டிலும் இல்லை. அந்த நிமிடத்தில் ஆறடிக் கபோர்டு முன்பக்கமாகச் சாயும்.

செய்யக்கூடாதவை

• சம்ப் மூடி, மின் மீட்டர், மெயின் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர் எதையும் கபோர்டால் மறைக்காதீர்கள். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஷாக் எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. மெயினை அணைக்கப் பெயிண்ட் டப்பாக்களை நகர்த்திக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சம்ப் மூடி மேல் கபோர்டு வைத்தவர்கள் தொட்டி கழுவும் நாளில் அதைக் காலி செய்துதான் நகர்த்துகிறார்கள்.

• பின்பலகை வழியாக ஸ்க்ரூ போட்டு கபோர்டைத் தொங்கவிடாதீர்கள். அது 3 மி.மீ. தகடு, மூட மட்டுமே வைத்தது. உள்ளே மேல் பக்கம் குறுக்கே ஒரு கனமான பட்டி ஓடும். ஸ்க்ரூ அதன் வழியாகத்தான் போக வேண்டும். தலைக்கு அடியில் அகலமான வாஷர் போடுங்கள். பட்டியே இல்லாத கபோர்டாக இருந்தால் அது தொங்கவிடுவதற்குச் செய்ததல்ல.

• துளையில் மரச்சீவலை அடித்து ஸ்க்ரூ ஏற்ற விடாதீர்கள். கட்டை அடிப்பது பழைய ஆச்சாரிமார் வழக்கம். பிளக் கிடைக்காத காலத்துக்கு அது சரி. ஷெட் ஈரத்தில் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும், கரையானுக்கும் அதுதான் வாசல். அனுபவசாலி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பிளக்கை நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள்.

• கான்கிரீட் தூணிலும் பீமிலும் ஆழமாகத் துளையிடாதீர்கள். உள்ளே கம்பி இருக்கிறது. பிட் எதிலோ முட்டி நின்று கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள்; அழுத்தினால் பிட்டும் போகும், கம்பியும் காயப்படும், பிறகு அங்கிருந்தே துரு தொடங்கும்.

• பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவை மெஷினால் முழு வேகத்தில் ஏற்றாதீர்கள். கடைசி இரண்டு சுற்றைக் கையால் போடுங்கள். ஒரு தடவை மரை தின்றுவிட்டால் அந்தத் துளை அவ்வளவுதான். கேம் லாக்கும் அப்படியே: நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

• இன்வெர்ட்டர் பேட்டரியை மூடிய கபோர்டுக்குள் வைக்காதீர்கள். அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஒரு ரிலேயின் பொறி போதும். அழகாக மறைக்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மேலும் கீழும் திறந்த ஸ்டாண்டு வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள்.

• ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கபோர்டில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லை. பக்கத்தில் தின்னர் டப்பா இருந்தால் கேட்கவே வேண்டாம்.

• பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கபோர்டில் பதுக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கதவிடுக்கு வழியாக இறங்கித் தரையோடு தவழ்ந்து, தூரத்தில் இருக்கும் பொறியைத் தேடிப் போகும். புல்வெட்டும் மெஷினுக்கு வேண்டியதை வேண்டும்போது வாங்குங்கள்.

• கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு வரும். ஆசிட்டைக் கருவிகளோடும் வைக்க வேண்டாம்: மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் புகை கசியும், சில மாதங்களில் ஸ்பேனரிலிருந்து கீல் வரை எல்லாம் செம்பழுப்பாக மாறியிருக்கும். பூச்சி மருந்துக்குப் பூட்டுள்ள தட்டு வேண்டும், அதுவும் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில்.

• ஓதமடிக்கும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அந்தப் பக்கம் பாத்ரூமா என்று பாருங்கள். கசிவைச் சரிசெய்யாமல் மேலே கபோர்டு மாட்டுவது பூஞ்சைக்குக் கதவு போட்டுக் கொடுப்பதுதான். நல்ல சுவரிலும் அரை இஞ்ச் இடைவெளி விடுங்கள்.

• கனமானதை மேல் தட்டில் ஏற்றாதீர்கள். 20 லிட்டர் எமல்ஷன் பக்கெட் 25 கிலோவைத் தாண்டும். அது கீழ்த்தட்டு ஆள். மேலே கொலு பொம்மை, சீரியல் பல்பு, கூடாரத் துணி.

• அடுக்குமாடியில் ஸ்டில்ட் பார்க்கிங் என்றால் அசோசியேஷனைக் கேட்காமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். கார் நிறுத்தும் இடம் உங்களுக்கு ஒதுக்கியது. பின்னால் நிற்கும் தூணும் சுவரும் எல்லோருக்கும் பொது. பக்கத்துக் காரின் கதவு உங்கள் கபோர்டில் இடிக்கும் நாள் கட்டாயம் வரும், அன்று எழுத்தில் அனுமதி இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

• "ஃப்ரீ இன்ஸ்டாலேஷன்" பையனிடம் வேலை முடிந்ததற்கான ஓ.டி.பி.யை உடனே சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு அன்று இன்னும் நான்கு வீடு இருக்கும், அவன்மேல் தப்பில்லை. ஓ.டி.பி. போன பிறகு உங்கள் போனை எடுக்க ஆள் இருக்காது, அதுதான் சிக்கல். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுங்கள், ரசமட்டத்தை மேலே வையுங்கள், கபோர்டின் மேல் விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாக ஒரு தடவை நன்றாக இழுத்துப் பாருங்கள். ஆடினால் அங்கேயே, அப்போதே இன்னொரு ஸ்க்ரூ.

• பெட்டியோடு வந்த அட்டையைத் தட்டுகளில் விரித்து வைக்காதீர்கள். கரையானுக்கு அட்டை என்றால் விருந்து. பழைய வினைல் ஷீட்டை வெட்டிப் போடுங்கள். அட்டையை இன்றைக்கே பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.