ஆயா வீட்டு லீவு: நாலை இறுக்கு, மற்றதை விடு

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினால், திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் பக்கத்து ஆயாக்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். சென்னையில் வேலை பார்க்கும் மகனோ மகளோ பிள்ளைகளைப் பாசஞ்சர் ரயிலில் கூட்டிவந்து இறக்கிவிட்டு, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஜூன் பிறக்கிறவரை வீடு பேரப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். ஒருத்தன் கோழியைத் துரத்துவான். ஒருத்தி அரிசிப் பானையில் முழங்கை வரை விட்டு அளைவாள். தவழ்கிற குட்டி, எறும்பைப் பிடித்து வாயில் போடும்.

எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிற ஆயா சீக்கிரமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அடக்க வேண்டியவை நாலே நாலு: தண்ணீர், மருந்து, நெருப்பு, ரோடு. இந்த நாலில் துளியும் இறங்கிவராதீர்கள். மற்றபடி வீடு தலைகீழானாலும் ஒன்றும் குடிமுழுகாது.

1. வருவதற்கு முன்பே நாலையும் கட்டுங்கள்

தண்ணீர்: ராத்திரி வாளி, அண்டா எல்லாவற்றையும் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். தவழும் குழந்தை தலைகுப்புற விழ அரை வாளித் தண்ணீர் போதும். சம்ப் மூடியின் மேல் பிள்ளைகளால் நகர்த்த முடியாத கனம் ஏற்றுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கழனிக் கிணற்றுப் பக்கம் பெரியவர் இல்லாமல் ஒருவரும் போகக் கூடாது.

மருந்து: உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கும் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான் வீட்டிலேயே பெரிய ஆபத்து. சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சின்னக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். மாத்திரை, எலி மருந்து, பயிருக்கு அடிக்கிற மருந்து மூன்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

நெருப்பு: அடுப்படி வாசலுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சைப் போடுங்கள். கொதிக்கிற குழம்பைத் தரையில் இறக்கி வைக்காதீர்கள்.

ரோடு: ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும் இந்தப் பக்கத்துக்கே உரிய கவலை. வேப்பமரமோ மாரியம்மன் கோயிலோ, ஒரு எல்லை சொல்லுங்கள். முதல் நாளே கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இதுக்கு அந்தாண்ட ஆயா இல்லாம போவக் கூடாது" என்று அந்த இடத்தில் நின்று சொன்னால் மனதில் நிற்கும்.

2. மகளையோ மருமகளையோ கிளம்ப விடுவதற்கு முன் எழுதி வாங்குங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் போதும். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தீனி ஒத்துக்கொள்ளாது? காய்ச்சல் மருந்து யாருக்கு எத்தனை மில்லி? கைபேசி எவ்வளவு நேரம்? மருந்தளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. மூத்தவனுக்குக் கொடுத்ததையே இளையவளுக்கும் கொடுத்துவிடக் கூடாது. இரண்டு வயது முதல் நாலு வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. "உங்கம்மா எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா" என்று தாளைக் காட்டினால் பழி உங்கள்மேல் விழாது.

பால், முட்டை, பிஸ்கட்டுக்கு ஆகும் செலவையும் வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

3. காலையில் அவிழ்த்து விடுங்கள்

ஆறரை முதல் பத்து வரை வெளியே. இந்த நேரத்தில் எவ்வளவு ஓடுகிறார்களோ, மதியம் அவ்வளவு அடங்குவார்கள்.

கழனியில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும் பருவமாக இருந்தால் வேலை தானாகவே கிடைக்கும். ஆளுக்கொரு முறம் கொடுத்து, செடியிலிருந்து காயைப் பறித்துப் போடச் சொல்லுங்கள். விதை மூட்டையில் டி.எம்.வி. என்று எழுதியிருந்தால் காட்டுங்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்களுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சுருக்கித்தான் அப்படி வைத்தார்கள். ஆயா ஊர்ப் பெயர் அச்சில் இருப்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அரை நாள் பெருமை.

பம்புசெட்டுத் தொட்டியில் குளிக்க விட்டால் ஒரே விதி: கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

4. பதினொன்று முதல் மூன்றரை வரை உள்ளே

கத்திரி வெயிலில் இது பேரத்துக்கு இடமில்லாத நேரம். கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, கைக்கு வேலை வேண்டும்.

நுங்கு வண்டி: நோண்டித் தின்ற பனங்காயில் ஒரே அளவாக இரண்டு எடுங்கள். ஒரு சாண் குச்சியின் இரண்டு முனையையும் நீங்களே சீவிக் கொடுங்கள். முனைக்கு ஒரு காயாக, நடுவில் பார்த்துக் குத்தினால் சக்கரமும் அச்சும் தயார். கவட்டையாகப் பிரிந்த நீளக் கோலை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். மதியம் செய்தால் சாயங்காலம் தெருவில் பந்தயம். ஆளுக்கொரு வண்டி கட்டாயம். பொதுவில் ஒன்று என்றால் ரத்தம் பார்க்காமல் ஓயாது.

பல்லாங்குழி: ஊருக்கு ஊர் கணக்கு மாறும். குழிக்கு ஐந்து என்று தொடங்கினால் 14 குழிக்கு 70 புளியங்கொட்டை. எண்ணிப் போடுவது பெரியவளின் வேலை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் 70ஐயும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். ஒன்று குறைந்தால் தேடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

5. தீனியில் ஊர் ருசி, ஆனால் வயது பார்த்து

காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, கடித்துக்கொள்ள வெங்காயம். பட்டணத்துப் பிள்ளை முகம் சுளித்தால் வற்புறுத்தாதீர்கள். தாத்தா உறிஞ்சிக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டு இரண்டு நாளில் தானாகச் சொம்பை நீட்டும்.

வேகவைத்த மல்லாட்டையை ஐந்து வயதுக்குக் கீழே முழுசாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். மசித்துக் கொடுங்கள். வழுக்குகிற நுங்கும் அப்படித்தான்: தோல் உரித்து விரலால் நசுக்கி ஊட்டுங்கள். தர்பூசணியில் கொட்டையை எடுத்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது, நாக்கில் தொட்டுத் தடவுவதும் கூடாது.

எதுவானாலும் உட்கார்ந்து தின்ன வேண்டும். கோழி பின்னால் ஓடிக்கொண்டே தின்கிற வாய்தான் அடைத்துக்கொள்ளும்.

6. பஞ்சாயத்துக்கு நேரம் குறியுங்கள்

"ஆயா, இவன் என் நுங்கத் துன்னுட்டான்!" என்கிற பிராது நாளுக்கு முப்பது வரும். அடிதடியை மட்டும் உடனே விலக்குங்கள். மற்ற வழக்கெல்லாம் ஆறு மணிக்கு, திண்ணையில். ஆறு மணிக்குள் வாதியும் பிரதிவாதியும் ஒரே கயிற்றுக் கட்டிலில் குதித்துக்கொண்டிருப்பார்கள்.

பங்கு பிரிப்பதற்கு ஒரு சட்டம்: ஒருத்தர் வெட்டணும், மற்றவர் முதலில் எடுக்கணும். தர்பூசணியை நூல் பிடித்த மாதிரி வெட்டுவார்கள்.

7. ராத்திரி

திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடந்தால் கூட்டிப் போங்கள். துரியோதனனை மண்ணில் பெரிதாகச் செய்து படுக்க வைக்கும் படுகளம் பகலில் நடக்கும். தூக்கம் கெடாமல் பார்க்க அதுவே தோது. கூட்டத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு பிள்ளையின் முன்கையிலும் உங்கள் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

வெறுந்தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில், தூங்குகிறவரைக் கடிக்கும்; கடித்த வலிகூடப் பெரிதாகத் தெரியாது. கட்டில், இல்லையென்றால் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலை. வெளியே போக டார்ச் லைட்.

8. உடம்புக்கு வந்தால்

வயிற்றுப்போக்கு: கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. இல்லாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. அழுதும் கண்ணீர் வரவில்லை, மூத்திரம் போகவில்லை, சோர்ந்து துவள்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

நாய்க்கடி: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றே தடுப்பூசி. அரசு மருத்துவமனையில் இலவசம்.

பாம்புக்கடி: கீறாதீர்கள், உறியாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கப் போகும் நேரம்தான் உயிரை எடுக்கும்.

தீக்காயம்: 20 நிமிடம் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். பற்பசையும் மாவும் வேண்டாம்.

மண்ணெண்ணெய் குடித்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சுவரில் பெரிதாக எழுத வேண்டியவை: ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி 1098. பக்கத்தில் பெரிய மருத்துவமனை திண்டிவனம் அரசு மருத்துவமனை; அதற்கும் மேலே என்றால் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

9. ஆயாவுக்கும் ஒரு உடம்பு உண்டு

பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்கு முன் நீங்கள் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். நின்றபடி குனிந்து பிள்ளையைத் தூக்காமல், உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல்லுங்கள். மதியம் ஒரு மணி நேரம் தாத்தாவின் முறை. பேப்பரை விரித்துக்கொண்டு அவர் தூங்கிவிட்டால் அது முறையில் சேராது.

இருபது நாள்தான் முடியும் என்றால் இருபது என்றே சொல்லுங்கள். "முடியலம்மா, வந்து கூட்டிக்குனு போ" என்பதில் பாசக் குறைவு ஏதுமில்லை. சிரித்த முகத்தோடு பார்த்துக்கொள்கிற இருபது நாள், சலித்துக்கொண்டே ஓட்டுகிற நாற்பதைவிட மேல்.

10. ஊருக்குக் கிளம்பும் நாள்

ஜட்டி, சார்ஜர், ஒற்றைச் செருப்பு ஆகியவற்றைக் கட்டிலுக்கு அடியில் தேடுங்கள். மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். யாருக்கு எது பிடித்தது, எதற்குப் பயந்தார்கள் என்று அதே தாளின் பின்பக்கம் எழுதி பீரோவில் வையுங்கள். அடுத்த லீவுக்குள் ஒவ்வொருத்தரும் ஒரு சாண் வளர்ந்திருப்பார்கள். பீரோவின் மேல்தட்டும் கைக்கு எட்டும். சாவி அப்போதும் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.