உப்பும் சோடாவும்: என் முதலாண்டுப் பாடம்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

கல்லூரியின் முதலாண்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நட்பைப் பற்றியும், ஆண்டுவிழாவைப் பற்றியும், மரத்தடிப் பேச்சைப் பற்றியும் எழுதுவர். அவையெல்லாம் எனக்கும் வாய்த்தன. ஆயினும் என் முதலாண்டை எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு வெண்ணிறப் பொருள்களே. ஒன்று உப்பு, மற்றொன்று சோடா. அவற்றிடம் நான் கற்ற பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு கல்லூரியில் சேர வந்த நாளில் விண்ணப்பத்தை நிரப்பினேன். "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் பேனா நின்றது. என் தந்தை ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாயப்பட்டறையில் வேலை செய்பவர். அருகிலிருந்த மாணவன் எட்டிப் பார்ப்பானோ என்ற கூச்சத்தில் "வியாபாரம்" என்று எழுதினேன். வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்த அப்பாவுக்கு அது தெரியாது.

ஒரு நாள் நடப்பு

எங்கள் வீட்டில் பொழுது விடியுமுன்பே அம்மா எழுந்துவிடுவார். எட்டரை மணிக்கு அவர் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குச் செல்லவேண்டும். நான் குடத்தில் நீர் பிடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவேன். மாலையில் கல்லூரி முடிந்ததும் நானும் ஒரு கம்பெனியில் இரவு பத்து மணிவரை பிசிறு வெட்டுவேன். சனிக்கிழமை கிடைக்கும் சம்பளத்தில் என் செலவு போக மீதியை அம்மாவிடம் கொடுப்பேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்படி மாதம் 1000 ரூபாய் வரத் தொடங்கிய பின்பு, வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலைக்குப் போனால் போதும் என்ற நிலை வந்தது.

என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சிலர் அப்போதே பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். "மூணு வருசம் படிச்சு என்னடா சம்பாதிப்ப?" என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் விடை இல்லை. காரணம், வகுப்பில் நடப்பது எனக்கே விளங்கவில்லை. தமிழில் படித்து வந்தவனுக்கு ஆங்கிலப் புத்தகம் மதில்போல நின்றது. முதல் உள்தேர்வில் 25க்கு 7 மதிப்பெண் பெற்றேன். அன்றிரவு பிசிறு வெட்டுகையில், படிப்பை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

ஆய்வகத்தில் கண்ட உறவினர்

மறுவாரம் பருமனறி பகுப்பாய்வுச் செய்முறை. மேசைமேல் ஒரு புட்டியில் வெண்தூள். மேலே சோடியம் கார்பனேட் என்ற பெயர். "இதற்கு வேறு பெயர் தெரியுமா?" என்று பேராசிரியர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "சோடா சார். சாயப்பட்டறையில போடறதுங்க" என்றேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "எதற்காகப் போடுகிறார்கள்? கேட்டு வந்து சொல்" என்றார்.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். "ஏனுங்கப்பா, சாயத்துக்கு உப்பும் சோடாவும் எதுக்குங்க?"

அப்பா வியப்போடு பார்த்தார். என் படிப்பைப் பற்றி நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. "உப்பு சாயத்தைத் துணிகிட்டக் கூட்டிட்டுப் போகும் கண்ணு. சோடா அதைக் கட்டிப் போடும். அவசரப்பட்டு மொதல்லயே சோடாவப் போட்டா, சாயம் திட்டுத் திட்டா ஏறும். பாதி தண்ணியோட போயிரும்."

மறுநாள் அதை அப்படியே வகுப்பில் சொன்னேன். பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அப்பாவின் சொற்களுக்கு வேதியியல் விளக்கம் எழுதத் தொடங்கினார்.

அப்பாவின் சொல்லும் புத்தகத்தின் சொல்லும்

பருத்தி என்பது செல்லுலோஸ். நீரில் நனைந்த செல்லுலோஸின் மேற்பரப்பு எதிர்மின்சுமை பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் வினைபுரி சாயத்தின் மூலக்கூறும் நீரில் எதிர்மின்சுமை உடையதே. ஒத்த மின்சுமைகள் ஒன்றையொன்று விலக்குமன்றோ? உப்பிலுள்ள சோடியம் அயனிகள் இடையே புகுந்து அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. சாயம் துணியை நெருங்குகிறது. "கூட்டிட்டுப் போகும்" என்று அப்பா சொன்னது இதுதான்.

அடுத்துச் சோடா கரைசலைக் காரமாக்குகிறது, பி.எச். மதிப்பு 11ஐ ஒட்டி உயர்கிறது. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் சில அயனியாகி, சாய மூலக்கூறுடன் சகப்பிணைப்பை உண்டாக்குகின்றன. சாயம் துணியின் மேல் பூசப்படுவதன்று. துணியின் மூலக்கூறோடு ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் எத்தனை முறை துவைத்தாலும் எளிதில் போவதில்லை. "கட்டிப் போடும்" என்றதன் பொருள் இது. இத்தகைய பிணைப்பை இங்கிலாந்தில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிய, 1956இல் அச்சாயங்கள் விற்பனைக்கு வந்தன.

காரக் கரைசலில் சாயம் துணியோடு மட்டுமின்றி நீரோடும் வினைபுரியும். அவ்வாறு நீராற்பகுப்படைந்த சாயம் துணியில் பிணையாது. அதை அலசி வெளியேற்றவேண்டும். "பாதி தண்ணியோட போயிரும்" என்பதற்குப் புத்தகம் தரும் பெயர் நீராற்பகுப்பு!

அந்த ஒரு மணி நேரத்தில் மதில் இடிந்துவிடவில்லை. ஆனால் அதில் ஒரு வாயில் திறந்தது. பாடம் அயலூரிலிருந்து வந்தது என்று எண்ணியிருந்தேன். அது எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு எதிரே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது. அடுத்த உள்தேர்வில் 16 மதிப்பெண் பெற்றேன்.

உப்பு எங்கே போகிறது?

பாடம் இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் பேராசிரியர் இன்னொரு கேள்வி கேட்டார்: "சாயம் துணியில் தங்கியது. சோடா வேலை முடித்தது. உப்பு எங்கே போனது?"

கணக்கிட்டுப் பார்த்தேன். அடர்நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 60 முதல் 80 கிராம் உப்பு சேர்ப்பதுண்டு. கடல்நீரில் இருப்பதோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீரும், லிட்டருக்கு 70 கிராம் உப்பும் என்று கொண்டால் 560 கிராம் ஆகிறது. 180 கிராம் எடையுள்ள ஒரு கறுப்புப் பனியனுக்கு ஏறத்தாழ 100 கிராம் உப்பு! இதில் ஒரு துளியும் துணியோடு பிணைவதில்லை. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் நொய்யலில் அந்த உப்பு பல ஆண்டுகள் ஓடியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. பாதிக்கப்பட்ட விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அப்போது எனக்கு ஐந்து வயது. அப்பா பல மாதம் கட்டட வேலைக்குச் சென்றதும், இரவில் அம்மாவோடு தாழ்ந்த குரலில் கடனைப் பற்றிப் பேசியதும் மங்கலாக நினைவிருக்கிறது.

நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்தால் அழுக்கு குறையும். கரைந்த உப்பு குறையாது. எனவேதான் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தம் கொடுத்து நீரைப் பிரிக்கின்றனர். எஞ்சிய உப்புநீரை ஆவியாக்கி உப்பை மீட்கின்றனர். நீரும் உப்பும் மீண்டும் தொட்டிக்கே திரும்புகின்றன. சொட்டு நீரும் வெளியேறாத இம்முறையை ஏற்ற பின்னரே பட்டறைகள் மீண்டும் இயங்கின. அப்பாவுக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

என் அம்மிச்சியின் ஊர் அந்த அணைக்கு அருகில் உள்ளது. அவர் தோட்டத்துக் கிணற்றுநீர் உப்பாகி, தென்னைகள் வாடியதைச் சிறுவயதில் கதையாகக் கேட்டிருக்கிறேன். முதலாண்டு விடுமுறைக்கு முன், பேராசிரியரின் அனுமதியோடு அக்கிணற்று நீரை ஒரு புட்டியில் கொண்டுவந்து, வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு குளோரைடை அளந்தேன். செங்கல் நிறம் தோன்றும்வரை பியூரெட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். எங்கள் வீட்டுக் குழாய்நீருக்கு ஆனதைப்போலப் பன்மடங்கு கரைசலை அந்த நீர் குடித்தது.

வீட்டில் அப்பாவிடம் விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இதுல நாம்ப போட்ட உப்பும் இருக்குமில்ல, கண்ணு?"

"இருக்குமுங்கப்பா."

"அன்னைக்கு எங்களுக்கு யாரும் சொல்லலியே."

எந்த உப்பு எங்களுக்குச் சோறு போட்டதோ, அதே உப்பு அம்மிச்சியின் கிணற்றைக் கெடுத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க என்னால் இயலாது. நாம் கொட்டியது எங்கேயோ இருக்கிறது. அது எங்கே என்று கேட்கக் கற்பதே அறிவியல் என்று இப்போது எண்ணுகிறேன்.

முதலாண்டில் அடியெடுத்து வைத்திருக்கும் தம்பி தங்கையரே! புத்தகம் விளங்கவில்லையென்றால் மனம் உடைந்துவிடாதீர்கள். உங்கள் தாய் தந்தையரின் வேலையைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். நிட்டிங் எந்திரத்தில் இயற்பியல் உண்டு. கட்டிங் மேசையில் கணிதம் உண்டு. கணக்கு எழுதும் அறையில் வணிகவியல் உண்டு.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் இம்முறை பேனா நிற்கவில்லை. "சாயப்பட்டறைத் தொழிலாளி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.